உக்குலேலே: வீட்டுப் பட்டறையில் செய்தல்

உக்குலேலே நான்கு நரம்புகள் கொண்ட சிறிய மீட்டு வாத்தியம். கிற்றார் குடும்பத்தைச் சேர்ந்தது. மிகச் சிறிய வகையான சொப்ரானோவில் நரம்பின் நீளம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். அதன் நான்கு நரம்புகளின் இழுவிசையும் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டுவதில்லை. உருக்குக் கம்பி பூட்டிய கிற்றாரில் அது 70 கிலோ அளவுக்குப் போகும். ஆகவே கழுத்துக்குள் இரும்புத் தண்டு வேண்டாம், கனமான பலகையும் வேண்டாம். வீட்டில் வாத்தியம் செய்யத் தொடங்கும் ஒருவருக்கு இதைவிட ஏற்றதொன்று இல்லை.

பிறப்பிலேயே இது தச்சர்களின் வாத்தியம். 1879 ஓகஸ்ட் 23 அன்று, கரும்புத் தோட்ட வேலைக்காக மதேரா தீவிலிருந்து 400க்கும் மேற்பட்ட போர்த்துக்கேயரை ஏற்றிய 'ரேவன்ஸ்கிராக்' கப்பல் ஹொனலூலுவை அடைந்தது. அதில் வந்த மானுவேல் நூனெஸ், அகுஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ ஆகிய மூவரும் தளபாடத் தச்சர்கள். ஊரில் 'மசெட்டே' என்று வழங்கிய நான்கு நரம்பு வாத்தியத்தை ஹவாயின் கோவா மரத்தில் செய்து விற்கத் தொடங்கினர். அரசர் கலாகாவாவின் ஆதரவு அதை அரண்மனைக்குள் கொண்டு சென்றது. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சி அமெரிக்கா முழுவதும் பரப்பியது.

இதே போர்த்துக்கேயப் பரம்பரையின் இன்னொரு கிளை கிழக்கிலங்கையில் உண்டு. மட்டக்களப்பில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தர் வசமானது. ஆயினும் போர்த்துக்கேயப் பறங்கியர் அங்கே நிலைத்தனர். தச்சு வேலையும் கொல்லர் வேலையும் அவர்களின் தொழில்கள். கலியாண வீடுகளில் வயலின், கிற்றார், றபானுடன் ஆடும் கப்ரிஞ்ஞா அவர்களின் ஆட்டம். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றரில், கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றத்துக்குப் பேர்பெற்ற கல்முனைக்குடி இருக்கிறது. மீனவரும் ஓடாவிமாரும் வாழும் இக்கரையில் உக்குலேலே செய்ய வேண்டிய பெரும்பாலான பொருட்கள் கைக்கெட்டிய தூரத்திலேயே உள்ளன.

கோவா இங்கு கிடைக்காது, பலா போதும். தஞ்சாவூர் வீணையின் உடல் பலாவில்தான் குடையப்படுகிறது. இலங்கையில் பலா மரத்தைத் தறிக்க 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி தேவை. ஆனால் உக்குலேலேக்கு ஒரு மரம் எதற்கு? கழற்றிப் போட்ட கதவோ உடைந்த அலுமாரியோ போதும். பல ஆண்டுகள் உலர்ந்த அந்தப் பலகை புதுப் பலகையைவிட மேலானது. பலகையின் வெட்டுமுகத்தில் வளையக் கோடுகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுத்துக் கிடந்தால் அது சீக்கிரம் வளையும்.

முகப்பலகையைச் சீவுளியால் 2 மில்லிமீற்றர் வரை இழைக்க வேண்டும். இங்கேதான் புதியவர் பயப்படுகிறார். தடித்த முகம் நூறு வருடம் உடையாமல் இருக்கும், ஆனால் பாடாது. இழைக்க இழைக்கத் தட்டிக் கேட்டால் மந்தமான ஓசை மெல்லத் திறந்து வருவது காதுக்கே தெரியும். பக்கப் பட்டைகளும் அதே தடிப்பு. அவற்றை நனைத்து, சூடேற்றிய இரும்புக் குழாய்மேல் அழுத்தி இடுப்பு வளைவைப் பெற வேண்டும். அவசரப்பட்டால் பட்டை முறியும்.

ஒட்டுவதற்குப் பருவம் பார்க்க வேண்டும். மரம் ஈரத்தில் குறுக்குவாட்டில் விரியும், வறட்சியில் சுருங்கும். வாடை மழைக்காலத்தில் ஒட்டிய முகப்பலகை, அடுத்த கச்சான் காற்றில் சுருங்க இடமில்லாமல் வெடிக்கலாம். வறண்ட நாட்களில் ஒட்டியது மழையில் சற்று உப்பும், அவ்வளவுதான். உப்புக் காற்றில் இரும்பு முறுக்காணிகள் துருப்பிடிக்கும். மரப் பிருடைகள் நல்லவை.

செவிக்கு விட முடியாத ஒரே வேலை மெட்டுப் பலகை. இதற்குக் கணக்கு வேண்டும். நரம்பின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் வரும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 345 மில்லிமீற்றர் நரம்புக்கு முதல் மெட்டு 19.4இலும், ஐந்தாவது 86.5இலும், ஏழாவது 114.7இலும், பன்னிரண்டாவது சரிபாதியான 172.5இலும் விழும். ஒவ்வொரு மெட்டையும் முந்தியதிலிருந்து அளக்காமல் தலைப்பக்கத்திலிருந்தே அளப்பது முக்கியம். இல்லாவிட்டால் சிறு பிழைகள் சேர்ந்து பெருகும். விரலால் அழுத்தும்போது நரம்பு இழுபட்டுச் சுருதி கூடுவதால், குதிரையைக் கணக்கிட்ட இடத்துக்கு ஓரிரு மில்லிமீற்றர் பின்னே வைப்பார்கள்.

நரம்புகளுக்குக் கடைக்கு அலைய வேண்டியதில்லை. பழைய உக்குலேலேகளில் விலங்குக் குடல் நரம்பு இருந்தது. இன்று நைலோனும் புளோரோகார்பனும். இரண்டும் மீன்பிடித் தங்கூசியாகவும் விற்கப்படுபவை. வாத்தியம் செய்வோர் பலர் தூண்டில் இழையையே பூட்டுகின்றனர். புளோரோகார்பன் நைலோனைவிட அடர்த்தியானது. ஆகவே அதில் மெல்லிய இழையே போதும்: ஏறத்தாழ அரை மில்லிமீற்றரிலிருந்து 0.85 வரை.

வழக்கமான சுருதி, சி கட்டையை ஸட்ஜமாகக் கொண்டால், ப-ஸ-க-த. முதலில் வரும் பஞ்சமம் மந்தரத்தில் இல்லை, ஸட்ஜத்துக்கு மேலேயே நிற்கிறது. உக்குலேலேயின் துள்ளலுக்கு இதுவே காரணம். பூட்டிய புதிதில் நரம்புகள் நீண்டுகொண்டே போகும். சில நாட்களுக்கு மீண்டும் மீண்டும் சுருதி கூட்ட வேண்டியிருக்கும். குதிரை பெயர்ந்தால் பெரும்பாலும் அதனடியில் மெருகெண்ணெய் பூசப்பட்டிருக்கும். அதைச் சுரண்டி, வெறும் மரத்தோடு மரம் படும்படி மறுபடி ஒட்டினால் நிற்கும்.