உருமாறும் லாரியும் உருளும் லாரியும்

ஒரு லாரி எழுந்து நின்று இயந்திர மனிதனாகிறது. இன்னொரு லாரி, கயிற்றைப் பிடித்து இழுக்கும் குழந்தையின் பின்னால் உருண்டு வருகிறது. முன்னதை ஆப்டிமஸ் பிரைம் என்று உலகம் அறியும். பின்னது சன்னபட்டணத்துக் கடைசல் பட்டறையில் அரக்கேறிய மர லாரி. அதற்குத் தனிப்பெயர் கிடையாது. இரண்டையும் ஒரே வீட்டு அலமாரியில் காண பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி பொருத்தமான இடம். 1978இல் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலும் 332 ஏக்கரில் தொடங்கிய தொழிற்பேட்டை இது. வாசலிலேயே ஓசூர் சாலை. மேம்பாலத்தில் கார்கள் விரைய, கீழே தமிழ்நாட்டுப் பதிவெண் லாரிகள் ஊர்ந்து போகின்றன. நைஸ் சாலையில் ஏறினால் நகருக்குள் நுழையாமலே மைசூரு சாலையைப் பிடித்துச் சன்னபட்டணம் சேர்ந்துவிடலாம். கடல் கடந்து வந்த ரோபோவும் பக்கத்து ஊர் மரப்பொம்மையும் இங்கே ஒரே குழந்தையின் கையில் சந்திப்பது இயல்புதான்.

மரமென்றால் நல்லது, பிளாஸ்டிக் என்றால் கெட்டது என்ற தீர்ப்பு நமக்கு முன்பே தயாராக இருக்கிறது. அதைச் சற்று ஒதுக்கிவிட்டு இரண்டையும் கையில் எடுத்துப் பார்ப்போம். முதலில் வியக்கவைப்பது அவற்றின் பூர்வீகம்.

மர லாரியின் கதை பாரசீகத்தில் தொடங்குவதாகச் சொல்வார்கள். திப்பு சுல்தான் அங்கிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார் என்பது சன்னபட்டணத்தின் வழிவழிச் செய்தி. நம் ஒப்பீட்டுக்கு அவரைவிட முக்கியமானவர் பாவாஸ் மியான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய நுட்பங்களைக் கற்று ஊருக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைத் தொழிலின் தந்தையாகவே அங்கே நினைக்கிறார்கள். ஜப்பானின் வடகிழக்கில் கடைந்தெடுக்கும் கொகேஷிப் பொம்மையையும் சன்னபட்டணத்து உருண்டைத் தலை மனிதனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இருவரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்போலத் தெரிவார்கள்.

ரோபோ லாரியின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ என்ற போர்வீரன் பொம்மையை உரிமம் பெற்று ஜப்பானில் வெளியிட்டது டகாரா நிறுவனம். அந்த உடலை வைத்தே 1972இல் ஒளி ஊடுருவும் ஹென்ஷின் சைபோர்க்கைச் செய்தது. எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலை ஏறிய காலத்தில், 1974இல், பொம்மையைச் சுமார் 10 சென்டிமீட்டருக்குச் சுருக்கி மைக்ரோமேன் ஆக்கியது. 1980இல் அதனினும் சிறிய ஓட்டுநர்கள் ஏறி அமரும் டயாக்ளோன் வரிசை வந்தது. அந்த வரிசையின் ‘பேட்டில் கான்வாய்’ லாரியைத்தான் 1984இல் ஹாஸ்ப்ரோ ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரில் விற்றது. தான் அனுப்பிய பொம்மையின் பேரனைத் தானே விலைகொடுத்து வாங்கியது எனலாம். ஹாஸ்ப்ரோ நமக்கும் அந்நியமான பெயரன்று, எம்.ஆர்.எஃப். நிறுவனத்துடன் அது சேர்ந்து 1987இல் உருவாக்கியதுதான் ஃபன்ஸ்கூல். நம் வீடுகளில் கிடந்த ஜி.ஐ. ஜோக்கள் அதன் வழியாக வந்தவை. ஆக, அமெரிக்கப் பொம்மையும் சன்னபட்டணத்துக் கடைசலும் தத்தம் வழியில் ஜப்பானைத் தொட்டு வந்திருக்கின்றன. இரண்டும் அங்கிருந்து பெற்றது உருவத்தைவிட, பாகங்களைச் செதுக்கிப் பொருத்தும் ஒழுங்கை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி உருவத்துக்கு வருவோம். கடைசல் எந்திரத்துக்கு உருண்டையை மட்டுமே தெரியும். சுழலும் மரத்தில் உளி எங்கே பட்டாலும் விளைவது வட்டம்தான். நமது அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் அந்த எல்லைக்குள் நிம்மதியாக வாழ்பவை. பானையும் குடமும் பிறப்பிலேயே வட்டமானவை. லாரியோ பெட்டி வடிவம். அதனால் சன்னபட்டணத்து லாரியில் சக்கரமும் விளக்கும் கடைசலில் பிறக்க, கேபினை வாளால் அறுத்து, மூலைகளை மழுக்கி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டியிருக்கிறது. உருண்டைச் சக்கரங்களோடு கேபின் முரண்படாதிருக்க அதன் விளிம்புகளும் வளைந்து குழைகின்றன. அந்தக் குழைவே இன்று தொலைவிலிருந்தும் சன்னபட்டணம் என்று காட்டிக்கொடுக்கும் முத்திரை. கடைசலுக்கு வாய்த்த லாரி என்று ஒன்று உண்டென்றால் அது டேங்கர்தான்: உருளைத் தொட்டி, உருண்டைச் சக்கரம், எல்லாம் ஒரே சுழற்சியில் முடிந்துவிடும்.

ரோபோ லாரிக்கும் இதற்கு நிகரான ஒரு நெருக்கடி உண்டு. அதன் ஒவ்வொரு பாகமும் இரண்டு வேலை பார்த்தாக வேண்டும். லாரியின் பின்பகுதி கால்களாகிறது, முன்பகுதி மார்பாகிறது. முன்கண்ணாடியை ஒளித்துவைக்க உடலில் இடமில்லாததால் இரண்டு சன்னல்களும் மார்பிலேயே நின்றுவிட்டன. முதற்பொம்மையில் முஷ்டிகளையும் மடக்க வழியில்லை. கழற்றித் தனியே வைக்க வேண்டும், பல வீடுகளில் முதலில் தொலைவதும் அவைதான். டிரெய்லரோ உடலோடு சேரவே இல்லை; அது தனியாகத் திறந்து போர்த்தளமாகிறது. பொறியியல் கண்ணுக்கு இவை விட்டுக்கொடுத்தல்கள். ஆனால் அந்த மார்புச் சன்னல்கள் இல்லாமல் ஆப்டிமஸ் பிரைமை இன்று யாராலும் எண்ணிப் பார்க்க முடியாது. கடைசலால் இயலாதது மர லாரியின் குழைவானது போல, மடிப்பால் இயலாதது ரோபோ லாரியின் முகவரியானது.

எனவே, இயலாமையை மறைக்க முயலும் இடத்தில் இரண்டுமே எனக்கு ஏமாற்றம் தருகின்றன. ரோபோவின் பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில் மார்பில் தெரிவது பொய்ச் சன்னல். வண்டியின் மெய்யான கண்ணாடி முதுகுப்பக்கம் மடிந்து கிடக்கும். மரப்பொம்மைகளிலும் அரக்குக்குப் பதிலாகச் சாயத்தைத் தெளித்துப் பளபளக்க வைத்தவை சந்தையில் கலந்திருக்கின்றன. பார்வைக்கு இரண்டும் பழையதைப் போலவே இருக்கும். ஆனால் மார்பைப் பார்த்தால் மடிப்பு புரியாது. நிறத்தைப் பார்த்தால் பட்டறை தெரியாது.

இந்த இரண்டு லாரிகளையும் நெருங்கிய உறவாக்குவது உராய்வு. நான் மிகவும் ரசிக்கும் இடம் இதுதான். வெட்பாலை மரத்தை உலர்த்தி, வெட்டி, கடைசலில் ஏற்றிச் சுழலவிடுகிறார்கள். சுழலும் மரத்தின்மேல் நிறமேற்றிய அரக்குக் குச்சியை அழுத்துகிறார் கைவினைஞர். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள், நீலத்துக்கு அவுரி. தூரிகையும் கிடையாது, அடுப்பும் கிடையாது. உராய்வில் பிறக்கும் சூடே அரக்கை உருக்கி மரத்தின்மேல் படியவைக்கிறது. பிறகு தாழை ஓலையை வைத்து அழுத்தித் தேய்க்க, பூச்சு சீராகப் பரவி மெருகேறுகிறது. அழுத்தம் குறைந்தால் அரக்கு பிடிக்காது, கூடினால் திட்டாகும். எவ்வளவு என்பதைக் கருவி சொல்வதில்லை, கை சொல்கிறது.

ரோபோவின் தோளும் இடுப்பும் நிற்பதும் உராய்வால்தான். மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் மடக்க முடியாது, முறிந்துவிடும். தளர்வாக இருந்தால் நிமிர்ந்து நிற்காது. அந்த இடைப்பட்ட இறுக்கத்தைத் தொழிற்சாலை அச்சில் கொடுத்தாலும், அதை உணர்ந்து பழகுவது குழந்தையின் விரல். எந்த மூட்டை முதலில் திருப்புவது, எங்கே சற்று அழுத்திக் கொடுத்தால் ‘க்ளிக்’ என்று உட்காரும், எந்த இடத்தில் வலுக்கட்டாயம் கூடாது என்பதெல்லாம் நாளடைவில் கைக்கு வந்துவிடும்; அப்புறம் விளக்கத்தாள் தேவையில்லை. வருடங்கள் ஓடி மூட்டு தளர்ந்தால் பொம்மை சேகரிப்பவர்கள் செய்யும் வைத்தியம் கேட்கச் சுவையானது: நிறமற்ற நகப்பூச்சை மூட்டில் மெல்லிய படலமாகத் தடவி உலரவிடுவார்கள்; உராய்வு மீளும். சன்னபட்டணத்தில் உராய்வு பூச்சைத் தருகிறது. இங்கே பூச்சு உராய்வைத் தருகிறது.

உறவு இவ்வளவு நெருங்கியபின் பிரிவும் தெளிவாகிறது. இரண்டு லாரிகளிலும் ஓட்டுநர் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். டயாக்ளோனில் லாரி வெறும் இயந்திரம். அதை ஓட்ட, காலில் காந்தம் பதித்த குட்டி மனிதன் இருந்தான். ஹாஸ்ப்ரோ அந்த மனிதனை நீக்கி, லாரிக்கே உயிரும் குரலும் கொடுத்தது. 1986இல் புதிய பொம்மைகளுக்கு வழிவிட அதன் திரைப்படத்தில் ஆப்டிமஸைக் கொன்றபோது குழந்தைகள் துக்கப்பட்டதும், மறுவருடமே அவனை மீட்டுக் கொண்டுவந்ததும் அந்த உயிரின் பலனே. ஓட்டுநர் போனான், பாத்திரம் பிறந்தது. ஒரு வணிக முடிவு இத்தனை ஆழமான கற்பனையைத் திறந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மர லாரியில் ஓட்டுநர் போகவில்லை, போகவும் மாட்டான். கேபினிலுள்ள துளையில் செருகும் உருண்டைத் தலை மனிதன்தான் அந்த லாரியின் மிக நேர்த்தியான பாகம், ஏனென்றால் கடைசலுக்கு மிக நன்றாக வருவது அவன்தான். அவனைப் பிடுங்கி எடுக்கலாம், வேறு வண்டியில் ஏற்றலாம், வாயில் வைத்துச் சுவைக்கவும் செய்யலாம். இந்த லாரிக்கு ஆளுமை கிடையாது. அதில் ஏறுபவனுக்கு உண்டு. ஓசூர் சாலையைப் பார்த்து வளரும் குழந்தைக்கு எது மெய்ம்மைக்கு நெருக்கம் என்று கேட்டால் தயங்காமல் இதையே சொல்வேன்.

ஓட்டுநருக்குப் பிறகு கை. 2021இல் ரோபோசென் என்ற நிறுவனம் ஹாஸ்ப்ரோ உரிமத்துடன் தானாகவே உருமாறும் ஆப்டிமஸ் பிரைமை அறிவித்தது. உள்ளே 27 சர்வோ மோட்டார்கள், 60 சில்லுகள். வாயால் ஆணையிட்டால் லாரி எழுந்து நிற்கும், மடங்கி மீண்டும் லாரியாகும். மோட்டாரோடும் மென்பொருளோடும் பொழுதைக் கழிக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிப் பொறியாளர் அதைப் பார்த்து மெய்சிலிர்ப்பது நியாயம். எடைமையம் நகர நகர விழாமல் எழுவது எளிய காரியம் அன்று. ஆனால் பொம்மை என்ற அளவில் அது முன்னோரைவிட ஏழை. மடக்கும் இன்பம் முழுவதையும் மோட்டார்களே எடுத்துக்கொள்கின்றன; குழந்தை பார்வையாளராகிறது.

சன்னபட்டணத்துக்கும் மோட்டார் வந்தது. வில்லும் கயிறும் கொண்டு கையால் சுழற்றிய கடைசல், மின்சாரத்தில் சுழலத் தொடங்கியது. ஆனால் அங்கே மோட்டார் எடுத்துக்கொண்டது சுழற்சியை மட்டுமே. உளியும் அரக்குக் குச்சியும் தாழை ஓலையும் இன்னும் கையில். ஒரே கருவி ஓரிடத்தில் கையின் உழைப்பைக் குறைத்து அறிவை விட்டுவைத்தது. மற்றோரிடத்தில் அறிவையே வாங்கிக்கொண்டது.

முதுமையில் இரண்டும் தோற்கின்றன, வேறு வேறு வழியில். ரோபோவின் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுக்கும். பொன்னிறத் துகள் கலந்த பாகங்கள் நொறுங்கும். அரக்கு சாராயத்தில் கரையும் பொருள். கொரோனாக் காலத்துச் சானிடைசரால் துடைத்தால் மெருகு போய்விடும். சந்தையிலோ சட்டம் ஓரளவு மரத்தின் பக்கம். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயமானது. பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு கிடைத்தது. இறக்குமதிப் பொம்மைகளின் சுங்கவரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60க்கும், 2023இல் 70க்கும் ஏறியது. அதே 2023 மார்ச்சில் திறந்த பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை சன்னபட்டணத்தை ஒதுக்கிவிட்டுச் சென்றது. பழைய சாலையோரத்தில் பொம்மைக்காக நின்ற கார்கள் இப்போது நிற்காமல் கடந்துவிடுகின்றன. வரி கொடுத்ததைச் சாலை எடுத்துக்கொண்டது.

ஆக எதை வாங்குவது? 2 வயதுக்கு மர லாரி, 7 வயதுக்குக் கையால் மடக்கும் ரோபோ லாரி என்பேன்; இரண்டும் ஒரே பாடத்தை இரண்டு வயதில் நடத்துபவை. ஆனால் இரண்டிலும் ஒரு குறை உண்டு. ஆப்டிமஸ் அமெரிக்க நெடுஞ்சாலைக்குரிய வண்டி. மர லாரியோ எந்த நாட்டுக்கும் உரியதன்று. ஓசூர் சாலையில் நாள்தோறும் உருமாறும் நம் லாரி இரண்டிலும் இல்லை. ஓசூரில் 1980 முதல் இயங்கும் அசோக் லேலண்டு ஆலையை எண்ணிப் பாருங்கள். வெறும் சேஸிஸாகச் சாலைக்கு வரும் வண்டி, நாமக்கல்லில் பாடி கட்டினால் சரக்கு லாரி. திருச்செங்கோட்டுக்குப் போனால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக். ஒரே எலும்பு, பல உடல்கள்.

அப்படியொரு பொம்மை வேண்டும். ஒரு வெட்பாலைச் சேஸிஸ், அதில் நான்கு துளைகள், மர முளையால் பொருத்திக் கழற்றும் மூன்று பாடிகள், ஓர் உருண்டைத் தலை ஓட்டுநர். முளை எவ்வளவு இறுகலாம், 3 வயதுக் கை எவ்வளவு இழுக்கும் என்று கணக்கிடத் தெரிந்தவர்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில் நிறைய இருக்கிறார்கள். டேங்கர் தொட்டியைச் சன்னபட்டணம் நாளைக்கே கடைந்து தந்துவிடும். ரிக்கின் கோபுரத்தை மடங்கவைப்பதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய வேலை.