உடையாத கலனும் தீராத கேள்வியும்

யூட்யூப்ல ஒரு பழைய படம் கிடைக்குது மக்களே. 1970களின் கடைசியில் எடுத்தது. இடம் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலம், சாண்டியா ஆராய்ச்சிக்கூடம். ஒரு லாரியில் பெரிய உலோகக் கலனை ஏற்றி, ராக்கெட் கட்டித் தள்ளி, சுமார் 700 டன் கான்கிரீட் சுவரில் கொண்டுபோய் மோத விடுறாங்க. முதலில் மணிக்கு 60 மைல், அப்புறம் 80 மைல். லாரி அப்பளம். அடுத்து, லெவல் கிராசிங்கில் மாட்டிக்கிட்ட மாதிரி ஒரு லாரியை நிறுத்தி, பக்கவாட்டில் ரயில் எஞ்சினை 81 மைல் வேகத்தில் விடுறாங்க. எஞ்சினோட முகமே நசுங்கிப்போச்சு. கலன் மட்டும் சில கீறல், சில பள்ளத்தோட "என்னப்பா ஆச்சு?"ன்னு கேக்கிற மாதிரி கிடக்குது.

அணு உலையில் எரிஞ்சு முடிஞ்ச எரிபொருளை ஊர் விட்டு ஊர் கொண்டுபோறதுக்கான கலன் அது. இந்தப் படத்தைப் பார்த்தபிறகும் சந்தேகம் வருமா? வந்துச்சு. முப்பது வருஷத்துக்கு மேல மைக் பிடிச்சுக் கேட்டாங்க. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் அடிப்படை. எரிபொருள்னா பெட்ரோல் மாதிரி திரவம் கிடையாது. யுரேனியம் ஆக்சைடு வில்லைகளை நீளமான உலோகக் குழாய்களில் அடைச்சு, அந்தக் குழாய்களைக் கட்டுக்கட்டா உலைக்குள்ள இறக்குவாங்க. ஒரு கட்டு சுமார் 4 மீட்டர் நீளம். சில வருஷத்தில் அது உலைக்கு உதவாது. ஆனா உலைக்குள்ள போனப்போ இருந்ததைவிட வெளியே வரும்போதுதான் பல மடங்கு ஆபத்து. சில வருஷம் தண்ணித் தொட்டியில் போட்டு ஆற வைக்கணும். அப்புறம்? அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் இன்னைக்கு இப்படி சேர்ந்திருப்பது சுமார் 90,000 டன்னுக்கு மேல். நிரந்தரமா வைக்க இடம் இல்லாததால, பெரும்பாலும் அந்தந்த உலை வளாகத்திலேயே குந்திக்கிட்டிருக்கு.

இதுக்கு ஒரு வழி பண்ண 1982-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுச்சு. பல இடங்களை அலசி, நல்லதாப் பார்த்து ஆழத்தில் புதைக்கணும்னு திட்டம். 1998 ஜனவரி 31-க்குள் அரசாங்கம் எரிபொருளை எடுத்துக்கத் தொடங்கணும்னு கெடுவும் உண்டு. ஆனா 1987-ல் சட்டத்தைத் திருத்தி, மற்ற இடங்களை எல்லாம் விட்டுட்டு நெவாடா மாநிலத்தின் யக்கா மலையை மட்டும் ஆராய்ஞ்சா போதும்னு சொல்லிட்டாங்க. (யக்கா மலை. எழுத்துப்பிழையும் இல்லை, யாரோட அக்காவும் இல்லை.) நெவாடாவில் ஒரு அணுமின் நிலையம் கூடக் கிடையாது. 1863 ஒப்பந்தப்படி அந்த மண் எங்களோடதுன்னு மேற்கு ஷோஷோனி பழங்குடி மக்கள் வேற சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அந்தத் திருத்தத்துக்கு நெவாடாக்காரங்க வெச்ச பட்டப்பெயரைக் குடும்பத்தோடு படிக்கிற இந்த இடத்தில் எழுத முடியாது :-)

இங்கேதான் போக்குவரத்து உள்ளே வருது. உலைகளில் பெரும்பாலானவை நாட்டின் கிழக்குப் பாதியில். மலை இருப்பது மேற்கே, லாஸ் வேகாஸிலிருந்து சுமார் 150 கி.மீ. தூரத்தில். அதாவது நெவாடாவோட பிரச்சனைன்னு நினைச்சுக்கிட்டிருந்த சிகாகோ, செயின்ட் லூயிஸ்காரனுக்கு எல்லாம், "நம்ம தெரு வழியாவா?"ன்னு தூக்கம் போச்சு. 1990களில் எதிர்ப்பாளர்கள் இதுக்கு "நடமாடும் செர்னோபில்"னு பேர் வெச்சாங்க. பயங்கரமான பேர், பெரிய மிகையும் கூட. ஓடுற உலை வேற, கலனுக்குள்ள ஆறிக் கிடக்கிற எரிபொருள் வேற. ஆனா பேர் நின்னுடுச்சு.

1999-ல் எரிசக்தித் துறை யக்கா மலைக்கான சுற்றுச்சூழல் அறிக்கையின் வரைவை வெளியிட்டு, நெவாடாவிலும் வெளி மாநிலங்களிலும் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடத்துச்சு. வந்து குவிஞ்ச கருத்துகள் பத்தாயிரத்துக்கும் மேல். நிறைய பேர் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி: "எந்த வழியா வரும்?" மாநில வாரியா வழித்தட வரைபடங்களைச் சேர்த்தது 2002 பிப்ரவரியில் வந்த இறுதி அறிக்கையில்தான். அதில் இன்னொரு கணக்கும் உண்டு. பெரும்பாலும் லாரியில் கொண்டுபோனா 24 வருஷத்தில் சுமார் 53,000 பயணங்கள். பெரும்பாலும் ரயில்னா சுமார் 9,600. ரயில்தான்னு முடிவு பண்ணது 2004-ல்.

சரி, கலன் எவ்வளவு தாங்கும்? விதிப்படி நாலு சோதனை. 9 மீட்டர் உயரத்திலிருந்து, கொஞ்சமும் அமுங்காத தரையில் விழணும். 1 மீட்டரிலிருந்து 15 செ.மீ. தடிமன் உள்ள இரும்புத் தண்டின் மேல விழணும். 800 டிகிரி செல்சியஸ் தீயில் 30 நிமிஷம் வேகணும். அப்புறம் தண்ணியில் மூழ்கணும். இவ்வளவுக்கும் பிறகு கதிரியக்கம் வரம்பு மீறிக் கசியக்கூடாது.

பொதுமக்களில் ஒருத்தர் கால்குலேட்டரை எடுத்தார்னு வெச்சுக்குவோம். 9 மீட்டரிலிருந்து விழுந்தா தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 48 கி.மீ. வெறும் 30 மைல்! "ஹைவேயில் என் பாட்டியே 70-ல போறாங்க, நீங்க 30-ல சோதிச்சுட்டு பத்திரம்னு சொல்றீங்களா?" நியாயமான கேள்விதானே?

பொறியாளரோட பதில்: அமுங்காத தரைங்கிறதுதான் சூட்சுமம். நிஜத்தில் சாலை உடையும், மண் குழியும், மோதுற வண்டி நசுங்கும். மோதலின் சக்தியை அவங்களும் பங்கு போட்டுக்குவாங்க. சோதனைத் தரையில் பங்காளி யாரும் கிடையாது, மொத்த அடியும் கலனுக்கே. அதனால 30 மைல் சோதனை நிஜ சாலையில் அதைவிட ரொம்ப அதிக வேகத்துக்குச் சமம். இதுவும் நியாயமான பதில்தான். 1971 டிசம்பர் 8-ல் டென்னஸியில் கலன் ஏற்றிப் போன லாரி விபத்துக்குள்ளாகி, ஓட்டுநர் இறந்துபோனார். தூக்கி எறியப்பட்ட கலனிலிருந்து எதுவும் கசியலை.

ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தும் ஏன் ஒத்துப்போகலை? நான் பொட்டி தட்டுறவன், எனக்குத் தெரிஞ்ச பாஷையில் சொல்றேன். சாஃப்ட்வேர்ல ரெண்டு வகை டெஸ்டிங் உண்டு. எழுதி வெச்ச விதிப்படி இருக்கான்னு நாமே பார்க்கிறது ஒண்ணு. கஸ்டமர் வந்து, அவர் நிஜமா செய்யப்போற வேலையைத் தட்டிப் பார்த்து கையெழுத்துப் போடுறது இன்னொண்ணு. "டெஸ்ட் எல்லாம் பாஸ் சார்"னு முதலாவதைக் காட்டி இரண்டாவதுக்குக் கையெழுத்து வாங்க முடியாது. அதுவும் அந்தக் கலன்களை முழு அளவில் செஞ்சு உடைச்சுப் பார்க்கணும்னு விதி கட்டாயப்படுத்தலை. சின்ன மாதிரி, கம்ப்யூட்டர் கணக்கு, இதுவே போதும். சாண்டியா படத்தில் வருவதோ அந்தக் காலத்துப் பழைய கலன்கள்.

இதை அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் புரிஞ்சுக்கிச்சுன்னு சொல்லணும். 1999-லேயே கலன்களின் தாங்குதிறன் பற்றி ஒரு ஆய்வைத் தொடங்கி, என்ன சோதிக்கலாம்னு மக்களையே கேட்டாங்க. 2003 பிப்ரவரியில் சோதனைத் திட்டத்தின் வரைவு வந்தது. அதை வெச்சு லாஸ் வேகாஸிலும், யக்கா மலை இருக்கிற நை மாவட்டத்தின் பாரம்ப் ஊரிலும் கூட்டம் போட்டாங்க. முழு அளவு ரயில் கலனை ஒரு கோபுரத்திலிருந்து போட்டு, மணிக்கு 60 முதல் 90 மைல் வேகத்தில் தரையில் மோத விடலாம்னு யோசனை. (75 மைல் வேகம் வரணும்னா சுமார் 57 மீட்டர் உயரம் வேணும். ஏறக்குறைய பத்தொன்பது மாடி!) உடையும் வரை சோதிச்சு எங்கே உடையுதுன்னு காட்டுன்னு ஒரு கட்சி. விதியில் உள்ளதையே முழு அளவில் செஞ்சு காட்டுன்னு ஒரு கட்சி. எதுக்கு வீண் செலவுன்னு தொழில்துறை.

இதுக்கு நடுவில் 2001 ஜூலை 18. பால்டிமோர் நகரத்துக்கு அடியில் ஹோவர்ட் தெரு சுரங்கத்தில் 60 பெட்டி சரக்கு ரயில் ஒண்ணு, 11 பெட்டிகள் தடம் புரண்டு தீப்பிடிச்சுது. டிரைப்ரொப்பிலீன் டாங்கர் பத்திக்கிச்சு. கடும் தீ சுமார் மூணு மணி நேரம், புகையும் கனலும் நாள் கணக்கில். மேலே தண்ணிக் குழாய் வெடிச்சு, பேஸ்பால் ஆட்டமெல்லாம் தள்ளிப்போச்சு. அந்த ரயிலில் அணு எரிபொருள் எதுவும் இல்லை. ஆனா நெவாடா உடனே கேட்டுச்சு: இருந்திருந்தா? உங்க சோதனையில் தீ 30 நிமிஷம்தானே?

நல்ல கேள்விக்கு எவ்வளவு மதிப்புன்னு இங்கே தெரியும். ஆணையம் மூணு வகைக் கலன்களை எடுத்து அந்தச் சுரங்கத் தீயைக் கம்ப்யூட்டரில் மறுபடி பற்றவெச்சுது. அறிக்கை 2006-ல் வந்தது. எரிபொருள் குழாய்கள் தாங்கும்னு முடிவு. ஆனா மூணில் ரெண்டு கலன்களில் மூடியை இறுக்கும் அடைப்பு வளையங்கள் அவற்றின் வெப்ப வரம்பைத் தாண்டக்கூடும். குழாய்களின் மேல் படிஞ்சிருக்கும் துரு மாதிரியான கதிரியக்கப் படிவு கொஞ்சம் வெளியே வரலாம். வந்தாலும் விதி அனுமதிக்கும் அளவுக்குள்தான். அதாவது "நடமாடும் செர்னோபில்"னு சொன்னவங்க சொன்னதும் நடக்காது. "ஒரு துளி வெளியே வராது"ன்னு யாராவது சொல்லியிருந்தா அதுவும் முழுசா சரியில்லை. மைக் பிடிச்சுக் கேட்டதால்தான் இந்த விவரம் உலகத்துக்குக் கிடைச்சுது.

அதே 2006-ல் தேசிய அறிவியல் அகாடமியின் குழுவும் அறிக்கை கொடுத்துச்சு. தொழில்நுட்ப ரீதியா அடிப்படைத் தடை எதுவும் இல்லை, சவால் எல்லாம் சமூக, நிர்வாகப் பக்கம்தான்னாங்க. முழு அளவுச் சோதனை தொடரணும், நீண்ட நேரத் தீயை ஆராயணும்; ஆனா நடக்கவே வாய்ப்பில்லாத அளவுக்கு அடிச்சு உடைச்சுக் காட்டத் தேவையில்லைன்னும் சொன்னாங்க. நியாயமான நடுவர் தீர்ப்புன்னுதான் எனக்குப் படுது.

சரி, மக்களைக் கேட்டு முடிவான அந்தச் சோதனை என்ன ஆச்சு? 2005-ல் ஆணையம் முடிவெடுத்துச்சு. ரயில் கிராசிங்கில் நிற்கும் கலன் மேல எஞ்சினை மோத விட்டு, அப்புறம் அரை மணி நேரம் தீயில் வைக்கணும். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? ஆமாங்க, சாண்டியா படம் பார்ட் டூ! பால்டிமோருக்குப் பிறகும் தீ அதே அரை மணி நேரம். சரி, அதையாவது செஞ்சாங்களா? இல்லை. யக்கா மலைத் திட்டத்தோட தலையெழுத்தும் இதோட தலையெழுத்தும் ஒண்ணாச்சு. 2002-ல் ஆளுநர் போட்ட தடையை நாடாளுமன்றம் மீறி ஒப்புதல் கொடுத்த திட்டம், 2010-ல் ஒபாமா அரசு பின்வாங்கினதும் படுத்துடுச்சு. ஆணையம் 2014-ல் கம்ப்யூட்டர் கணக்கைப் புதுப்பிச்சு, ஆபத்து முன்பு நினைச்சதைவிடக் குறைவுன்னு அறிக்கை கொடுத்துச்சு. 2024-ல் எரிசக்தித் துறை முழு அளவுக் கலனைச் சோதிச்சுக் காட்டலாமான்னு மறுபடியும் கருத்துக் கேட்டுச்சு. முதல் முறை கேட்டு இருபத்தஞ்சு வருஷம்!

அப்போ கேட்பதே வீணா? இல்லை. அதே நியூ மெக்ஸிகோவில் கார்ல்ஸ்பாட் பக்கத்தில் உப்புப் பாறைக்குள் ராணுவ அணுக்கழிவைப் புதைக்கும் இடம் இருக்கு. அங்கே போவது உலை எரிபொருள் இல்லை, ஆனா மக்களின் பயம் அதேதான். சாலை பக்கத்தில் போனாலே நிலத்தின் விலை விழும்னு ஒருத்தர் வழக்குப் போட்டு, 1992-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றமே நஷ்ட ஈட்டை உறுதி செஞ்சுது. அங்கே மேற்கு மாநிலங்களின் ஆளுநர்களும் எரிசக்தித் துறையும் உட்கார்ந்து பேசினாங்க. எந்தச் சாலை, எந்த வானிலையில் வண்டியை நிறுத்தணும், ஓட்டுநருக்கு என்ன தகுதி, வழியில் உள்ள ஊர்களின் தீயணைப்பு வீரருக்கு யார் பயிற்சி கொடுக்கணும், எல்லாத்தையும் சேர்ந்தே எழுதினாங்க. 1999 மார்ச்சில் முதல் லாரி போச்சு. அதுக்கப்புறம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்கள். 2014-ல் ஒரு பீப்பாய் திறந்து மூணு வருஷம் கிட்ட மூடிக் கிடந்தது உண்மை. ஆனா அது பூமிக்கடியில் நடந்தது, சாலையில் இல்லை.

ரெண்டையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. இரண்டு இடத்திலும் கலன் உறுதியானதுதான். ஒரு இடத்தில் ஊர்க்காரன் கேட்டது வேலைத் திட்டத்தில் ஒரு வரியாச்சு. இன்னொரு இடத்தில் கேட்டது பதிவேட்டில் ஒரு எண்ணாச்சு. 30 மைலா 80 மைலாங்கிறது கணக்குதான், எவனும் போட்டுடுவான். எந்தக் கணக்கைப் போடணும்னு யார் முடிவு பண்றதுங்கிறதுதான் அத்தனை வருஷமும் மைக்கில் வந்த கேள்வி.

பி.கு.: இங்கிலாந்துக்காரங்க 1984 ஜூலை 17-ல் ஓல்டு டால்பி என்ற இடத்தில், மூணு பெட்டி கோத்த ரயிலை 100 மைல் வேகத்தில் ஒரு 48 டன் கலன் மேல மோத விட்டு, டிவியில் ஊருக்கே காட்டினாங்க. கலன் தப்பிச்சுது, எஞ்சின் காலி. அந்தக் கதை தனிப் பதிவா வரும், ஆணி குறைஞ்சதும்.