குற்றாலச் சாரலும் குகைகளின் சாட்சியமும்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று புகுந்து, திரிகூட மலையின் சிகரங்களை முகிலால் மூடித் தென்காசித் தெருக்கள்வரை சாரலைத் தூவும்போது, அநாதிகாலந்தொட்டு இக்காற்று இப்படியே தவறாமல் வந்துகொண்டிருக்கிறது என்று நம் மனம் எளிதில் நம்பிவிடுகிறது. அந்நம்பிக்கையைச் சோதித்தறியும் சாதனமாகிய சுண்ணாம்புக் குகை இம்மலையில் இல்லை. குற்றாலத்துப் பாறை கடினமான சார்னோக்கைட் முதலிய இனங்களைச் சேர்ந்ததேயன்றி, நீரில் கரைந்து குகையாகும் சுண்ணாம்புப் பாறையன்று. ஆதலால், இதே பருவக்காற்று நனைக்கும் பஸ்தர் காடுகளையும் மேகாலய மலைகளையும் நாம் நாடவேண்டியிருக்கிறது.

மண்ணிலுள்ள கரியமிலவாயுவை ஏற்றுச் சற்றே அமிலத்தன்மை அடைந்த மழைநீர், சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு குகையின் விதானத்திலிருந்து சொட்ட, அவ்வாயு நீங்கியதும் சுண்ணம் படலம் படலமாகப் படிந்து தரையிலிருந்து தூணாக எழுகிறது. யுரேனியம் தோரியமாக மாறிய அளவைக் கொண்டு படலங்களின் வயதை நிர்ணயிக்கும் விஞ்ஞானிகள், அவற்றிலுள்ள பிராணவாயுவில் கனமான வகை குறைந்திருப்பின் மழை மிகுந்த காலமென்றும், கூடியிருப்பின் வறண்ட காலமென்றும் அனுமானிக்கிறார்கள். பனியுகத்தில் கிரீன்லாந்து திடீரெனச் சூடேறிய போதெல்லாம் ஆசியப் பருவமழையும் வலுத்தது என்பது, சீனத்து நான்ஜிங் நகருக்கருகிலுள்ள ஹூலூ குகைத் தூண்களைக் கொண்டு 2001-இல் நிலைநாட்டப்பட்டது. சிரபுஞ்சிக்கருகிலுள்ள மவ்ம்லு குகையிலோ, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிந்த தடம் தெளிவாய்க் கிடைத்தமையால், அன்றுமுதல் இன்றுவரையுள்ள காலத்துக்கு மேகாலய யுகம் என்று 2018-இல் சர்வதேசப் புவியியல் அறிஞர் பெயரிட்டனர்.

ஆயினும் தென்காசி வாசகர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது, சத்தீஸ்கரின் பஸ்தர் காடுகளில் உள்ள தண்டக் குகையே. கி.பி. 600 முதல் 1500 வரையிலான மழைச் சரித்திரத்தைக் காட்டும் அதன் தூண், பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலும் பருவமழை பலமுறை பொய்த்ததைச் சொல்கிறது. 1396-இல் தொடங்கிப் பன்னிரண்டாண்டு நீடித்ததாகத் தக்காணத்தார் வழிவழியாய்க் கூறிவந்த துர்க்காதேவிப் பஞ்சம் அக்காலத்ததே. பராக்கிரம பாண்டியன் தென்காசியில் விசுவநாதர் ஆலயத்தைத் தொடங்கிய 1446-ஆம் ஆண்டும் அதையடுத்து வருவதுதான். எனினும் அவ்வறட்சி பாண்டி நாட்டையும் அவ்வாறே வாட்டியதென்று துணிந்துவிடலாகாது. மத்திய இந்தியாவில் மழை ஓய்ந்திருக்கும் நாட்களில் தமிழகத்தில் மழை பெய்வதுண்டு. பருவக்காற்று நிலையானதன்று என்பதும், அது ஒரு தலைமுறைக்குள்ளேயே மாறவல்லது என்பதும் மாத்திரம் ஐயமற்றவை.

இத்தூண்கள் ஓராண்டில் ஒரு மில்லிமீட்டரில் சிறுபகுதியளவே பெரும்பாலும் வளர்கின்றன. ஆகவே, பொர்ரா போன்ற குகைகளைக் காணச் செல்லும் நம்மவர், நினைவுப் பொருளென்று ஒரு துண்டையும் ஒடித்து வாராதிருப்பார்களாக.