தமிழ்நாட்டில் சமூக அறிவியல் படிப்புகளின் தொடக்கமும் இருவேல்பட்டு ஆய்வும்

இருவேல்பட்டு பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊராகும். தற்போது விழுப்புரம் மாவட்டத்தில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது. சுந்தரர் பிறந்த திருநாவலூரும் அதே பழைய மாவட்டத்தில் இருந்ததே. 2019 முதல் அது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. இவ்வட்டாரத்தில் 1916-இல் தொடங்கிய ஊராய்வு, தமிழ்நாட்டில் சமூக அறிவியல் கல்வி உருவான விதத்தைக் காட்டுகிறது.

கில்பர்ட் சிலேட்டரும் மாணவர்களும்

ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் கல்விக்காக நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்த கில்பர்ட் சிலேட்டர், 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரானார். அவர் மாணவர்களிடம் வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, விடுமுறையில் ஊர்களுக்குச் சென்று விவரம் திரட்டச் செய்தார். நிலம், பயிர், கூலி, கடன் ஆகியவை பற்றி மாணவர்கள் கேட்டறிந்தனர். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய ஊர்கள் பற்றிய அறிக்கைகள் 1918-இல் ஆங்கில நூலாக வெளிவந்தன.

மறு ஆய்வுகள்

1930-களில் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் இவ்வூர்களின் மறு ஆய்வை வழிநடத்தினர்; அது 1940-இல் நூலானது. 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் மானிடவியலாளர் ஜோன் மென்சரும் இருவேல்பட்டை மீண்டும் ஆராய்ந்தனர். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கி. நாகராஜ் ஆகியோர் அங்குச் சென்றனர். பெருநிலக்கிழாரின் பிடி தளர்ந்ததையும், விவசாயத்துக்கு வெளியே வேலை பெருகியதையும், தலித் மக்கள் முன்பைவிடச் சார்பின்றி வாழ்வதையும் அவர்கள் பதிவு செய்தனர். நில உடைமையில் ஏற்றத்தாழ்வு மறைந்துவிடவில்லை.

தனித் துறைகள்

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-இல் உளவியல் துறையும், பம்பாய் பல்கலைக்கழகத்தில் 1919-இல் பேட்ரிக் கெட்டிஸ் தலைமையில் சமூகவியல் துறையும் தொடங்கின. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் உளவியல் துறை அமைந்தது. சமூக அறிவியல் ஆய்வுக்கென மால்கம் ஆதிசேஷையா 1971-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார்.

ஒரே ஊர், பல கேள்விகள்

பண்ணையில் கட்டுண்டு உழைத்த படியாளின் நிலையை எடுத்துக்கொண்டால் இத்துறைகளின் வேறுபாடு விளங்கும். அவருக்குக் கிடைத்த நெல் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பொருளியல் கேட்கும். அந்த வேலை ஏன் குறிப்பிட்ட சாதியினர் மீதே விழுந்தது என்று சமூகவியல் கேட்கும். அவரது குடும்பத்தாருடன் தங்கி, அவர்களின் வாழ்வை உள்ளிருந்து அறிய மானிடவியல் முயலும். வாக்குரிமையும் அரசுத் திட்டங்களும் அந்தப் பிடியை எவ்வாறு தளர்த்தின என்பது அரசியல் அறிவியலின் கேள்வி. ஒருவர் ஊரைவிட்டு வெளியேறத் துணிவதும் தயங்குவதும் எதனால் என்பது உளவியலின் கேள்வி.

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்து, இவற்றுள் எதைப் படிப்பது என்று தயங்கும் மாணவருக்கு இவ்வரலாறு பயனுள்ளது. பாடத்தின் பெயரைவிட அது கேட்கும் கேள்வியே துறைகளைப் பிரிக்கிறது. தம் ஊரைப் பற்றி எந்தக் கேள்வி மனத்தில் நிற்கிறது என்பதை அறிந்தவருக்குத் துறையைத் தேர்வது எளிதாகிறது. 1916-இல் சென்ற மாணவர்களுக்கு அந்தத் தேர்வு இருக்கவில்லை. அவர்களிடம் இருந்தது ஒரே வினாப்பட்டியல். அவர்கள் எழுதிவைத்த விடைகளே 90 ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்களுக்கும் ஒப்பிடும் அளவுகோலாயின.