நோய்க்கு முந்தைய மருத்துவம்: மெல்போர்ன் ஆய்வு எழுப்பிய வினா

மனச்சிதைவு இளமையிலேயே அறிவைச் சிதைத்து மீட்சியற்ற நிலைக்குக் கொண்டுசெல்லும் என்பது எமில் கிரெப்பலின் விட்டுச்சென்ற கருத்து. நோய் முற்றிய பின்னரே மருத்துவம் தொடங்கும் வழக்கத்திற்கு இக்கருத்தும் துணைநின்றது. இதனை மறுத்தோருள் ஆஸ்திரேலிய உளமருத்துவர் பேட்ரிக் மெக்கோரி குறிப்பிடத்தக்கவர். முதன்முறை உளப்பிறழ்வுற்ற இளையோருக்காக 1992இல் மெல்போர்னில் ஒரு மையம் உருவானது. நோய் இன்னும் வெளிப்படாத, ஆனால் அதற்கான இடர் மிகுந்த இளையோருக்கான 'பேஸ்' மருத்துவமனை 1994இல் தொடங்கியது. அதன் பெயரில் உளநோயைச் சுட்டும் சொல்லே இல்லை. நோயுறாதவரை அழைக்கும் இடத்திற்கு அது பொருத்தமே.

மெக்கோரியும் அலிசன் யங் முதலானோரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் 59 பேர் பங்கேற்றனர். குறைந்த அளவு ரிஸ்பெரிடோனும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் பெற்ற 31 பேரில் மூவரே ஆறு மாதத்திற்குள் உளப்பிறழ்வுற்றனர்; தேவைக்கேற்ற உதவி மட்டும் பெற்ற 28 பேரில் பதின்மர். சிகிச்சை நின்றபின் முதற்குழுவில் மேலும் மூவர் நோயுற, ஓராண்டு முடிவில் இவ்வேறுபாடு புள்ளியியல் முக்கியத்துவத்தை இழந்தது. எனவே, நோய் தடுக்கப்பட்டதா, தள்ளிப்போடப்பட்டதா என்னும் வினா எழுந்தது.

இவ்விவாதத்தில் அதிகம் பேசப்படாதவர்கள் இரண்டாம் குழுவின் எஞ்சிய 18 பேர். ரிஸ்பெரிடோன் இன்றியே ஓராண்டைக் கடந்தவர்கள் அவர்கள். முதற்குழுவிலும் இத்தகையோர் இருந்திருப்பர்; அவர்கள் யாவர் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லாமலே அவர்களுக்கும் மருந்து தரப்பட்டது. முன்தலையீட்டின் அறச்சிக்கல் இதுவே. 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பும் இவ்விடர்நிலையை ஏற்கப்பட்ட நோய்களுடன் சேர்க்காமல், மேலாய்வுக்குரியவற்றுள் வைத்தது.