நிலுவை எந்த நாளில்? வங்கிப் பணி அறிவிக்கைகளின் கடன் விதியும் மாணவர் வழிகாட்டலும்

2025இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, வங்கிப் பணிக்கு மாணவரைத் தயார்செய்வோரின் எழுத்துகளில் இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. பாரத ஸ்டேட் வங்கி ஒருவரைத் தேர்ந்தெடுத்து 2021 மார்ச்சில் நியமன ஆணை வழங்கியது. அடுத்த மாதமே, கடன் தகவல் நிறுவனமான சிபிலின் அறிக்கையைக் காட்டி அதை ரத்து செய்தது. ரத்து செல்லும் என்றது நீதிமன்றம். கல்விக்கடனில் தவணை தவறிய மாணவர் வங்கி வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று இதிலிருந்து பாடம் எடுக்கிறார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை என்பது என் வாதம். மாணவர்கள் எழுதும் தேர்வுகளின் அறிவிக்கைகளோ இந்தப் பாடத்துக்கு எதிராகவே இருக்கின்றன.

முதலில் பதவியைப் பார்க்க வேண்டும். ரத்தானது வட்ட அளவிலான அலுவலர் பணி. ஏற்கெனவே ஒரு வங்கியில் அலுவலராகக் குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர்களே அதற்கு விண்ணப்பிக்க முடியும். கல்லூரியிலிருந்து நேரே வருபவருக்கு அங்கே இடமே இல்லை. எனவே நீதிமன்றத்தின் முன் நின்றவர் மாணவர் அல்லர், வங்கித் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர். பொதுமக்கள் பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் இன்றியமையாதது, அதை எதிர்பார்க்க வங்கிக்கு உரிமை உண்டு என்ற தீர்ப்பின் தர்க்கம் அத்தகைய ஒருவரை வைத்தே உருவானது. அதை இருபத்திரண்டு வயதுப் பட்டதாரியின் மீது அப்படியே ஏற்றுவதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும். இதுவரை அப்படி யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அடுத்தது விதி. 2020 ஜூலையில் வந்த அந்த அறிவிக்கையின் தகுதிப் பகுதி இரண்டு வகையினரை விலக்கியது: கடனையோ கடன் அட்டை நிலுவையையோ திருப்பிச் செலுத்துவதில் தவறிய பதிவு உள்ளவர்கள் ஒரு வகை; சிபில் அல்லது பிற முகமைகளின் பாதகமான அறிக்கைக்கு ஆளானவர்கள் இன்னொரு வகை. அறிவிக்கை வந்த நாளில் தமக்கு நிலுவை ஏதும் இல்லை, எல்லாவற்றையும் கட்டி முடித்தாயிற்று என்று மனுதாரர் வாதிட்டார். கட்டி முடித்தது போதாது, கட்டிய வரலாறும் களங்கமின்றி இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் விதியைப் படித்தது. விதியைத் தெரிந்தே விண்ணப்பித்தவர் பிறகு அதை எதிர்க்க முடியாது என்பது தீர்ப்பின் இன்னோர் இழை.

அந்த விதியின் வாசகத்துக்கு இது பொருந்தும் விளக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. விதி பதிவைப் பற்றிப் பேசுகிறது, பாக்கியைப் பற்றி அல்ல. பழைய பாக்கியைத் தீர்த்தவருக்கும் பழைய பதிவு அப்படியே இருக்கும். ஆனால் மற்ற அறிவிக்கைகளின் வாசகம் வேறு. அதே பாரத ஸ்டேட் வங்கி பட்டதாரிகளிலிருந்து இளநிலை உதவியாளர்களை எடுக்க அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட அறிவிக்கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே விலக்கப்படுபவர், கடனில் தவறியதோடு, பணி வாய்ப்புக் கடிதம் வழங்கப்படும் நாள் வரையிலும் அதைச் சீர்செய்யாதவர். அந்த நாளுக்குள் கட்டிவிட்டார், ஆனால் சிபில் பதிவு இன்னும் மாறவில்லை என்றால், பதிவைத் திருத்தி வாங்கலாம் அல்லது கடன் கொடுத்த நிறுவனத்திடம் நிலுவையின்மைச் சான்று பெற்றுத் தரலாம். ஒரே வங்கியின் இரண்டு விதிகள் இவை. முன்னது கடந்த காலத்தை அளக்கிறது, பின்னது ஒரு குறிப்பிட்ட நாளின் நிலையை அளக்கிறது.

பாரத ஸ்டேட் வங்கி தவிர்த்த பதினொரு பொதுத்துறை வங்கிகளுக்கும் ஆளெடுக்கும் ஐபிபிஎஸ் 2023இல் வைத்த விதியும் பின்னதன் குடும்பத்தையே சேர்ந்தது. பணியில் சேரும்போது சிபில் மதிப்பெண் 650 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்றது. கூடவே அதே திருத்த வழியையும் நிலுவையின்மைச் சான்று வழியையும் திறந்து வைத்தது. வங்கிக் கணக்கே இல்லாதவர் சிபில் நிலையைக் காட்ட வேண்டியதில்லை என்றும் சேர்த்தது. 650 என்ற எண் மட்டும் பயிற்சி மையச் சுவரொட்டி வரை போய்விட்டது. அதை அடுத்து வரும் வாக்கியங்கள் போகவில்லை. குறைந்தபட்ச மதிப்பெண்ணை வங்கிகள் தத்தம் கொள்கைப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அதே பத்தியில்தான் உள்ளது. ஆகவே எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவரின் கையில் எதுவும் மிஞ்சாது.

வழிகாட்டல் இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறது. தீர்ப்பைக் காட்டிப் பயமுறுத்துவது ஒன்று. பரவலான இன்னொன்று, கடன் பேச்சையே எடுக்காமல் திறன் இடைவெளியைப் பற்றி மட்டும் பேசுவது. ஆங்கிலம், தருக்கத் திறன், எண் திறன், நேர்காணல் நடை ஆகியவற்றில் மாணவர் பின்தங்குகிறார் என்று இரண்டாவது மரபு எழுதிக் குவித்திருக்கிறது. அதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வங்கி, விண்ணப்பதாரரைத் தேர்வு அறையில் மட்டும் சந்திக்கவில்லை. தன் கடனாளியாக ஏற்கெனவே பல ஆண்டுகளாக அவரை அறிந்திருக்கிறது.

இந்த அறிமுகம் எங்கே சிக்கலாகிறது என்பதற்கு நாட்காட்டியைப் பார்த்தாலே போதும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை ஒத்திவைப்பு. 2022 மே மாதம் பொறியியல் முடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய முதல் தவணை 2023 ஜூனில் விழுகிறது. 2022 ஆகஸ்டில் அறிவிப்பான ஐபிபிஎஸ் அலுவலர் தேர்வை அவர் எழுதுகிறார். முதல்நிலை அக்டோபரில், முதன்மை நவம்பரில், ஒதுக்கீட்டு முடிவு 2023 ஏப்ரலில். பட்டியலில் பெயர் இல்லை. அதிலொன்றும் வியப்பில்லை, பெரும்பாலோருக்கு அப்படித்தான். ‘இன்னும் ஒரு அட்டெம்ப்ட்’ என்கிறார் பயிற்சியாளர், அறிவுரையும் தவறில்லை: அலுவலர் தேர்வுக்கு முப்பது வயது வரை, எழுத்தர் தேர்வுக்கு இருபத்தெட்டு வரை காலம் இருக்கிறது, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதற்கு மேலும். ஆனால் அடுத்த முடிவு 2024 ஏப்ரலில்தான். இடையில் தவணை தொடங்கிவிட்டது. தொண்ணூறு நாள் கட்டாமல் விட்டால் 2023 செப்டம்பரிலேயே கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். கடன் அறிக்கையில் மாதத்துக்கு ஒன்றாக முப்பத்தாறு கட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் அந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்ற எண். 000 இருக்க வேண்டிய கட்டங்களில் 030, 060 என ஏறிக்கொண்டே போகும். வங்கித் தேர்வுக்கு உட்கார்ந்து படிப்பதே வங்கித் தகுதியைக் கரைக்கிறது. வழிகாட்டல் எழுத்துகள் இதை எங்கும் எதிர்கொள்ளவில்லை என்பது எனக்குப் பெரிய வியப்பு.

தீர்வும் அதே மாதிரித் திட்டத்துக்குள் இருக்கிறது. வேலையில்லாக் காலத்தைக் கருதி, கடனின் ஆயுளில் இரண்டு மூன்று முறை ஒத்திவைப்பை அனுமதிக்கலாம் என 2015 திருத்தம் இடம் கொடுக்கிறது. அது தானாக வராது. கடன் கொடுத்த கிளையில் மாணவர் எழுதிக் கேட்க வேண்டும், கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன் கேட்க வேண்டும். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறான பதிவை முப்பது நாளில் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவு. கல்லூரி பிளேஸ்மென்ட் செல்லின் பதிவேட்டில் மாணவரின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் அரியர் எண்ணிக்கைக்கும் கட்டம் இருக்கும். கல்விக்கடனின் ஒத்திவைப்பு முடியும் தேதிக்கு ஒரு கட்டம் போடுவதற்கு நிதி ஒதுக்கீடு ஒன்றும் தேவையில்லை.

இரண்டு மறுப்புகள் வரலாம். வாங்கிய கடனைக் கட்டிவிட்டால் இந்த ஆராய்ச்சியே எதற்கு என்பது ஒன்று. வேலை இல்லாதவரைப் பார்த்து இப்படிக் கேட்பவருக்குப் பதில் எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை. மற்றது கனமானது: நிதித் துறைக்கு ஆளெடுக்கையில் நிதி நிலையைப் பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம் அல்லவா? ஆம். ஆனால் பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் தகுதியும் பொருத்தமும் குறித்த தன் விதிநூலில் நிதி நலத்தை ஓர் அளவுகோலாக வைத்துவிட்டு, ஒருவரின் வசதி குறைவானது என்பது மட்டும் அவருடைய பொருத்தத்தைப் பாதிக்காது என்றும் சேர்த்தே சொல்கிறது. அந்த இரண்டாம் பாதி நம் அறிவிக்கைகளில் இல்லை. சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. கடன் வாங்கும் வாசலில் மாணவருக்குக் கிடைத்த இந்தப் பரிவு, வேலை கேட்கும் வாசலில் இன்னும் சோதிக்கப்படவில்லை.

ஒருமுறைத் தீர்வின் நிலை இன்னும் தெளிவற்றது. வங்கி ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்கிறது, தந்தை மீதியை மக்கள் நீதிமன்றத்தில் கட்டுகிறார், குடும்பம் நிம்மதியாகிறது. கடன் அறிக்கையிலோ ‘முடிக்கப்பட்டது’ என்பதற்குப் பதில் ‘சமரசம் செய்யப்பட்டது’ என்ற பதிவு விழுகிறது, மதிப்பெண் இறங்குகிறது. ஐபிபிஎஸ் விதியை வாசகப்படி எடுத்தால் நிலுவை ஏதும் இல்லை என்ற சான்றே போதும், சமரசத்தில் தீர்த்தவருக்கும் அது கிடைக்கும். எனவே அவர் தகுதியுடையவர் என்றே நான் படிக்கிறேன். 2020 விதியின்படியோ அவர் வெளியேதான் நிற்பார். கிளை மேலாளர் தள்ளுபடியைச் சொல்லும்போது, பிள்ளை வங்கித் தேர்வு எழுதுகிறாரா, எந்த வங்கியின் எந்தப் பதவிக்கு என்ற கேள்வியைக் கையெழுத்துக்கு முன் யாராவது அந்தத் தந்தையிடம் கேட்டாக வேண்டும்.