பந்தும் தகுதியும்

கூடைப்பந்துக்கும் நம்ம வரலாற்றுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கு. சொல்கிறேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். விடுதியிலிருந்து நாலு பேர் பேஸ்கட்பால் கோர்ட்டில் போய் நின்றோம். நாலு பேருமே சேரிப் பசங்க. பி.டி. மாஸ்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று விசாரித்தார். பந்தைக் கையில் தரவே இல்லை. "உங்களுக்கெல்லாம் ஓட்டம் நல்லா வரும்டா, கபடிக்குப் போங்க. இது மூளை வச்சு ஆடுற ஆட்டம்" என்றார். திட்டவில்லை, பாராட்டுகிற தோரணையில்தான் சொன்னார். கபடிக்கு மூளை வேண்டாமாம்! எங்கள் பலம் எது என்று எங்களை ஆடவிட்டுப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. தெருப் பெயர் சொல்லிவிட்டதே.

இந்த ஆட்டத்தின் கதையைப் பிறகு தேடிப் படித்தேன். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை மாட்டி இதைத் தொடங்கினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஆரம்பித்தார். நம்மூர்க் கோர்ட்டுக்கும் அந்த ஊருக்கும் அப்படியொரு தொடர்பு.

நைஸ்மித் பின்னாளில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பு மாணவர் அவரிடம் படித்தார். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரிடமே பாடம் கேட்டவர், அந்தப் பல்கலைக்கழக அணியில் ஆட முடியவில்லை. அணி வெள்ளையர்களுக்கு மட்டும். 1936ல் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். 1940ல் வட கரோலினாவில் டர்ஹம் நகரத்திலிருந்த நீக்ரோக் கல்லூரியின் பயிற்சியாளரானார்.

அந்தக் காலத்து ஆட்டம் மெதுவானது. பந்தை நிதானமாகக் கைமாற்றி, இடம் பார்த்து, நின்று கூடைக்குப் போடுவார்கள். மெக்லெண்டன் தன் பசங்களைப் பார்த்தார். அவர்களுடைய காலையும் மூச்சையும் பயிற்சியால் கெட்டிப்படுத்தினார். பந்து கைக்கு வந்த நொடியே எதிரி சுதாரிப்பதற்குள் கூடைக்கு ஓடு. பந்தை இழந்தால் ஆடுகளம் முழுக்க விரட்டி நெருக்கு. 'பாஸ்ட் பிரேக்' என்று இன்று எல்லோரும் ஆடுகிற வேக ஆட்டத்தைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர் அவர். இதைப் 'பிறவி வேகம்' என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்குப் போட்டு, வியர்வை சிந்திக் கட்டிய வேகம் அது.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரே தேவாலயத்தில் இருந்தது. அதே நகரத்து டியூக் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் அணி, வெள்ளைக்காரப் பிள்ளைகள், மெக்லெண்டனின் கல்லூரிக்கு ரகசியமாக வந்தது. தெற்கில் இரண்டு நிறமும் சேர்ந்து ஆடுவது அன்று சட்டத்துக்கு விரோதம். கதவைப் பூட்டிவிட்டு ஆடினார்கள். 88க்கு 44. சரியாக இரண்டு மடங்கு! அதோடு நிற்கவில்லை. இரண்டு அணியையும் கலந்து இன்னொரு ஆட்டமும் ஆடினார்கள். இந்தச் செய்தி 1996ல்தான் பத்திரிகையில் வந்தது. 52 வருஷம் அந்தக் கதவு பூட்டியே கிடந்தது.

மெக்லெண்டன் பிறகு டென்னஸி ஏ அண்டு ஐ கல்லூரிக்குப் போனார். வெள்ளைக் கல்லூரிகளும் ஆடிய தேசியப் போட்டியில் 1957, 1958, 1959 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தார். கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் 1979ல் அவரைச் சேர்த்தார்கள். எப்படி? 'பங்களிப்பாளர்' என்று. 'பயிற்சியாளர்' என்று சேர்க்க 2016 ஆயிற்று. அதற்குள் அவர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

இன்னொரு கதை. டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவில் இருந்த டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி. பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ், வெள்ளைக்காரர். கறுப்பர் துள்ளுவார்கள், ஓடுவார்கள், ஆனால் கட்டுப்பாடாக ஆட மாட்டார்கள். வழிநடத்தக் களத்தில் ஒரு வெள்ளையனாவது வேண்டும் என்பது அன்றைய 'ஞானம்'. 1963ல் ஜெயித்த சிகாகோ லயோலா அணிகூட நாலு கறுப்பரோடுதான் ஆரம்பித்தது. ஐந்தாவது ஆளில்தான் எல்லோருக்கும் நெஞ்சு அடைத்தது.

1966 மார்ச் 19, மேரிலாந்தில் இறுதி ஆட்டம். எதிரே அடால்ஃப் ரப்பின் கென்டக்கி. முழுக்க வெள்ளை அணி. ஆறு அடி ஐந்து அங்குலத்துக்கு மேல் உயரமில்லாத ஐவர், ஆனால் பாய்ச்சல் ஆட்டக்காரர்கள். ஹாஸ்கின்ஸ் என்ன செய்தார்? ஆறு அடி எட்டு அங்குலமுள்ள நெவில் ஷெட்டை உட்கார வைத்துவிட்டு, ஐந்து அடி ஆறு அங்குலமே இருந்த வில்லி வொர்ஸ்லியை முதல் ஐவரில் இறக்கினார். உயரத்தில் ஒரு அடிக்கு மேல் விட்டுக்கொடுத்தார்! பாபி ஜோ ஹில், ஆர்ஸ்டன் ஆர்டிஸ், வொர்ஸ்லி என்று மூன்று கார்டுகள். பந்து பத்திரமாகக் கையில் நிற்கும், கென்டக்கி பாய்ந்தால் திரும்பி ஓடி மறிக்க ஆள் இருக்கும். கூடைக்கு அடியில் டேவிட் லாட்டின் போதும்.

அன்று களமிறங்கிய ஏழு பேரும் கறுப்பர். முதல் பாதியில் ஹில் அடுத்தடுத்து இரண்டு முறை எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறித்துப்போய்ப் போட்டார். முடிவு 72க்கு 65. கணக்கை ஊன்றிப் பாருங்கள்: களத்திலிருந்து போட்ட கூடைகள் கென்டக்கிக்கு 27, இவர்களுக்கு 22தான். ஆனால் எதிரி தப்புச் செய்து கிடைத்த ப்ரீ த்ரோக்களில் இவர்கள் 34க்கு 28 போட்டார்கள், கென்டக்கி 13க்கு 11. எதிரியைத் தப்புச் செய்ய வைத்து, கோட்டில் தனியாக நின்று, கை நடுங்காமல் போட்டு ஜெயித்தார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று சொன்னார்களே, அவர்கள்தான்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கணும். 'அவனவன் பலத்துக்கேற்ற வேலை' என்று வருணாசிரமமும்தான் சொல்கிறது. பி.டி. மாஸ்டரும் அதைத்தான் சொன்னார். ஹாஸ்கின்ஸ் செய்ததும் அதுதானே என்று யாராவது மடக்கலாம். இல்லை. பயிற்சியாளர் ஆளை ஆடவிட்டுப் பார்த்து இடம் தருகிறார். நாளைக்கு வேறு எதிரி வந்தால் இடத்தை மாற்றுவார். சாதி ஆளைப் பார்ப்பதே இல்லை, பிறந்த வீட்டைப் பார்த்து இடம் தருகிறது, செத்தாலும் மாற்றாது. சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936லேயே சொல்லிவிட்டார். 1990ல் மண்டலை எதிர்த்துத் 'தகுதி போச்சு, திறமை போச்சு' என்று தெருவில் கத்தினவர்கள், யாருடைய தகுதியை யார் ஆடவிட்டுப் பார்த்தார்கள் என்று சொல்லவே இல்லை.

ஜெயித்ததும் விடிந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். ஹாஸ்கின்ஸுக்கு வசைக் கடிதங்கள் குவிந்தன. கென்டக்கி அணியில் கறுப்பர் ஆட 1970 ஆயிற்று. ஏன், எல் பாசோ கல்லூரியையே பாருங்கள். 1968ல், கறுப்பர்களுக்குக் குருமார் பதவி மறுத்த மார்மன் சபையின் பல்கலைக்கழகத்தோடு போட்டியிட மாட்டோம் என்ற கறுப்புத் தடகள வீரர்களை அது அணியிலிருந்து நீக்கியது. அவர்களில் ஒருவர் பாப் பீமன். அதே வருஷம் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 8.90 மீட்டர் தாண்டி உலகத்தை வாயடைக்க வைத்தவர். ஓடு, தாண்டு, கோப்பை கொண்டு வா. வாயை மட்டும் திறக்காதே. நமக்குத் தெரியாத குரலா இது?

அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குத் தன் நூலை 1873ல் காணிக்கையாக்கினார் ஜோதிராவ் பூலே. அவர்கள் கதையை நாம் படிப்பது புதுசு இல்லை. வெற்றியோடு சேர்த்து அந்தக் கணக்கையும் நாம் படிக்கணும் என்பதுதான் என் ஆசை.

அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் பேசாமல் விடுதிக்குத் திரும்பினோம். எங்களில் ஒருத்தன் நல்ல உயரம், நீளக் கை. எவ்வளவு தூரத்திலிருந்து அவன் கூடைக்குள் போடுவான் என்று அந்த மாஸ்டருக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாமல் போய்விட்டது.